இரண்டாவது நாடா

வாசலில் கார் வந்து நிற்கப்போகிற நாள். சந்தோஷமாக இருக்க வேண்டிய நாள். மூக்குக்காரி மட்டும் காலையில் எழுந்ததிலிருந்தே வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

மூக்குக்காரி என்பது டிரை கிளீனிங் கடையில் அவளுக்கு வைத்த பெயர். கடையின் பின்பக்கத்தில் கறை எடுக்கும் மேஜை அவளுடையது. ஒரு சட்டையைத் தூக்கி முகர்ந்தால் போதும். அதில் கொட்டியது என்ன, கொட்டி எத்தனை நாள் ஆயிற்று, நடுவில் யாராவது வீட்டிலேயே கையை வைத்துக் கெடுத்தார்களா என்பது வரை சொல்லிவிடுவாள். பதினான்கு வருடப் பழக்கம். கடையில் பிறந்த பெயர் வீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. நாத்தனார்கூடக் கேலிக்கு அப்படித்தான் சொல்வாள்.

பதினோரு நாளைக்கு முன்னால் நடந்ததை அவளால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு மகள் சிட்டுவுக்கு இழுப்பு வந்தது. ஒன்பது வயதுக் குழந்தை, உதடு நீலம் பாரித்து, தோள் இரண்டும் காதுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வாடகைக் கார்க்காரர்கள் மூன்று பேர் வருகிறேன் என்றார்கள், மூன்று பேரும் நடுவில் ரத்து செய்தார்கள். கடைசியில் தெருவில் கேன் இறக்கிக்கொண்டிருந்த தண்ணீர் கேன்காரர்தான், நிரம்பிய கேன்களை அப்படியே தெருவோரம் உருட்டித் தள்ளிவிட்டு, வேனில் ஏற்றிக்கொண்டு போனார். வழி முழுக்க, அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்த நாத்தனார் சிட்டுவை மடியில் சாய்த்துக்கொண்டு முதுகைத் தடவிக்கொடுத்தபடி வந்தாள். மூக்குக்காரி மகளின் செருப்பு இரண்டையும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "தூசி, ஈரம், பூஞ்சை. இதுல பூஞ்சை ஆகவே ஆகாது. ஒரு வண்டி கைல வெச்சுக்கோங்க. அடுத்த தடவை இவ்வளவு நேரம் கிடைக்காது."

அன்றைக்கே முடிவாயிற்று. கார் வாங்க வேண்டும்.

கேன்காரருக்கு எப்படி நன்றி சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அவரே பேச்சுக் கொடுத்தார். அவர் மனைவிக்கு மாதம் நிறைந்திருந்தது. குழந்தை பிறந்ததும் இந்தத் தகர வேனிலா கூட்டிப் போவது, தானும் ஒரு சின்னக் கார் பார்க்கிறேன் என்றார். "எங்க மாப்பிள்ளைகிட்ட சொல்றேங்க. அவருக்குத் தெரியாத வண்டி கிடையாது. உங்களுக்கு நல்லதா பார்த்துத் தருவார்" என்று அவள்தான் நம்பர் கொடுத்தாள். அது ஒன்றாவது செய்ய முடிந்ததே என்று மனசு கொஞ்சம் ஆறியது.

மாப்பிள்ளை என்றால் நாத்தனாரின் கணவர். இன்சூரன்ஸ் சர்வேயர். மோதிய வண்டி, எரிந்த வண்டி, வெள்ளத்தில் முழுகிய வண்டி எல்லாவற்றையும் போய்ப் பார்த்து, இது பிழைக்கும், இது செத்தது என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை.

இதற்குள் அவள் கணவர் ஐரோப்பிய ஹாட்ச்பேக் என்று ஒற்றைக்காலில் நின்றார். அச்சகத்தில் பிழை திருத்துபவர் அவர். எதையும் படித்துத்தான் நம்புவார், படித்தால் நம்பிவிடுவார். பத்து நாளில் கார்களைப் பற்றி ஒரு நோட்டு நிறையக் குறிப்பு எடுத்தார். நீளம் குறைச்சல், நம் சந்தில் திரும்பும். பின்சீட்டை மடக்கினால் படுக்கை மாதிரி ஆகும், சிட்டு சாய்ந்துகொள்ள, பக்கத்தில் மருந்துப்புகை பிடிக்கிற மெஷினை வைக்க இடம் இருக்கும். பின்கதவு மேலே தூக்கித் திறப்பதால் மழையில் குடை மாதிரி நிற்கும். தகடு கனம், கதவைச் சாத்தினால் தொப்பென்று ஒரே சத்தம்.

"தொப்புன்னு கேக்கணும். டங்குன்னு கேட்டா அது டப்பா" என்று வீட்டு அலமாரிக் கதவைச் சாத்திக் காட்டினார்.

புதிதாக வாங்குகிற வசதி இல்லை. பழையதில் நல்லதாகக் கிடைப்பது குதிரைக்கொம்பு. அப்போதுதான் மாப்பிள்ளை ஃபோன் பண்ணினார். ஒரு டாக்டர் வண்டி இருக்கிறது, ஒரே கை ஓட்டியது, வெளிநாடு போகிறார், உங்களுக்காகச் சொல்லி வைத்திருக்கிறேன் என்றார். கணவர் நோட்டை மூடிவிட்டார்.

பத்து மணிக்குக் கார் வந்தது. வெள்ளை நிறம், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. மாப்பிள்ளை இறங்கினார். அவருக்குப் பின்னால் ஸ்கூட்டரில் நாத்தனார் வந்து இறங்கினாள்.

"ஒரே வீட்லேருந்து வர்றதுக்கு ரெண்டு வண்டியா?" என்று கணவர் சிரித்தார்.

"திரும்பிப் போக வண்டி வேணாமா அண்ணா. காரை இங்க விட்டுட்டுல்ல போகணும்" என்றாள் நாத்தனார். அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் ஸ்கூட்டர் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை வழியில் எங்கேயோ வயிறாரச் சாப்பிட்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்தார். அதன் மூலையால் கடைவாய்ப் பல்லைக் குத்தினார். குத்தியெடுத்ததை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி வாய்க்குள் அனுப்பினார். பிறகு அதே கார்டை நீட்டினார்.

"டாக்டரோட கார்டு மச்சான். சந்தேகம் இருந்தா நீங்களே பேசிக்கோங்க."

கணவர் அதை மரியாதையாக வாங்கி, படிக்காமல், பர்ஸில் வைத்துக்கொண்டார். அச்சடித்த எதையும் அவர் படிக்காமல் வைத்து அவள் பார்த்ததில்லை. ஈரமான அந்த மூலை பர்ஸுக்குள் போவதைப் பார்த்து அவளுக்குக் குமட்டியது.

காரின் கதவைத் திறந்ததும் முகத்தில் அறைந்தது வாசனை. கண்ணாடியில் ஒரு எலுமிச்சை வாசனை அட்டை தொங்கியது. ஏசி துவாரத்தில் மல்லிகை டப்பா செருகியிருந்தது. சீட்டுக்கு அடியில் சின்னத் துணிப்பையில் காபிக்கொட்டை. ஒன்று போட்டால் பிரியம், இரண்டு போட்டால் அலட்டல். மூன்று போடுகிறவன் எதையோ மறைக்கிறான், இது அவள் தொழிலில் பால பாடம்.

"எதுக்குண்ணா இத்தனை வாசனை?" என்று கேட்டாள்.

"டாக்டர் சுத்தக்காரர் தங்கச்சி. வண்டில ஏறும்போது செருப்பைக் கழட்டுவார்னா பாத்துக்கோயேன்."

"செருப்பைக் கழட்டுற மனுஷன் வண்டில எதுக்கு இவ்வளவு வாசனை வேணும்?"

மாப்பிள்ளை வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். "மச்சான், வண்டியைப் பாக்கக் கூப்பிட்டா தங்கச்சி மோந்து பாக்குது."

"நீ கொஞ்சம் உன் மூக்கை வீட்டுக்குள்ள வெச்சுட்டு வா" என்றார் கணவர். ஏற்கெனவே மூன்று தரம் கதவைத் திறந்து சாத்தியிருந்தார். தொப்பென்றுதான் கேட்டது. அந்தச் சத்தத்தில் மனுஷன் பாதி உருகிப்போயிருந்தார்.

சிட்டு ஓடி வந்து பின்கதவைப் பிடித்தாள். "அத்தை, வா, நாம பின்னாடி உக்காரலாம்."

நாத்தனார் சட்டென்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "வேணாம்டா செல்லம். உள்ள சூடா இருக்கும். நாம இங்க நிக்கலாம்."

கார் நிழலில்தான் நின்றிருந்தது. மூக்குக்காரி அதைக் கவனித்தாள். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

சாம்பல் நிற நெசவுத்துணி உறை. தடவிப் பார்த்தாள். அவளையும் மீறி ஒரு நொடி மெச்சத் தோன்றியது. பழைய துணி, ஆனால் யாரோ கை தேர்ந்தவர்கள் வெளுத்திருக்கிறார்கள். நூல் போகிற போக்கிலேயே பிரஷ் போட்டிருக்கிறார்கள். ஓரம் சுருங்கவில்லை, சாயம் இறங்கவில்லை. யாராக இருந்தாலும் நல்ல கை.

பழக்க தோஷத்தில் விரல்கள் தையலைத் தடவிக்கொண்டே போய், சீட்டும் சாய்மானமும் சேருகிற இடுக்குக்குள் நுழைந்தன. உள்ளே, மடிப்புக்குக் கீழே, ஏதோ நெருடியது. சின்ன நாடா. இழுத்துப் பார்த்தாள்.

வெள்ளை நாடா, சிவப்பு நூலில் இரட்டை முடிச்சு. அழியாத மையில் ஒரு எண், அதற்குப் பக்கத்தில் ஒரு எழுத்து: சா.

அவள் கையெழுத்து.

கடையில் துணிக்கு நாடா கட்டுகிற வேலையும் அவளுடையதுதான். ஊசி குத்தினால் துருப்பிடிக்கும் என்று சிவப்பு நூலில் முடிச்சுப் போடுகிற வழக்கத்தைக் கொண்டுவந்தவளும் அவளே. எண்ணுக்குப் பக்கத்தில் கறையின் முதல் எழுத்தைப் போடுவாள். எ என்றால் எண்ணெய், ர என்றால் ரத்தம். சா என்பது அபூர்வம். சாக்கடை.

துணியைத் திருப்பிக் கொடுக்கும்போது முன்பக்கக் கவுன்ட்டரில் நாடாவை வெட்டிவிடுவார்கள். ஆனால் பெரிய உருப்படிக்கு அவள் இரண்டு நாடா கட்டுவாள். ஒன்று வெளியே, ஒன்று உள்மடிப்பில். சலவையில் ஒன்று அறுந்தாலும் மற்றது இருக்கட்டும் என்று அவளாக வைத்துக்கொண்ட பழக்கம். இதைக் கவுன்ட்டரில் யாரிடமும் சொன்னதில்லை. அவர்கள் ஒன்றை வெட்டிவிட்டு வேலை முடிந்தது என்று கொடுத்துவிட்டார்கள்.

எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து சிட்டுவைக் கூட்டி வந்த மறுநாள். லீவு கேட்டிருந்தாள், அவசர வேலை, நீதான் செய்ய வேண்டும் என்று முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். இரண்டு கார்களின் சீட் உறைகள், சாம்பலில் ஒரு செட், கறுப்பில் ஒரு செட். அட்டை மாதிரி விறைத்துக் கிடந்தன. போன மாதப் பெருமழையில் தாழ்வான பகுதியில் சாக்கடை பொங்கி நாலு நாள் நின்றதே, அந்தத் தண்ணீரில் ஊறியவை என்று முகர்ந்ததுமே தெரிந்தது. மடிப்புகளில் சோற்றுப் பருக்கையா புழுவா என்று தெரியாமல் என்னவோ காய்ந்து ஒட்டியிருந்தது. முதல் தண்ணீர் தார் மாதிரி வந்தது. இரண்டாவது தடவை அலசும்போது ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். நாலு தடவை அலசி, இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, நாற்றம் துளி இல்லாமல் எடுத்தாள். முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து மூன்று தடவை குளித்த பிறகும், படுத்திருந்த சிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அம்மா, உன் கை நாறுது" என்றாள்.

அந்த உறைமேல்தான் இப்போது உட்கார்ந்திருந்தாள்.

உறையைக் கழற்றி வெளுக்கலாம். அதற்கு அடியில் இருக்கிற பஞ்சை யார் வெளுத்தது? தரை விரிப்புக்கு அடியில் உள்ள கம்பளத்தை யார் பிழிந்தது? உள்ளங்கையைச் சீட்டின்மேல் வைத்து, முழு பலத்தையும் போட்டு அமுக்கினாள். சீட் ஒரு பெருமூச்சு விட்டது. எலுமிச்சை, மல்லிகை, காபி மூன்றையும் தள்ளிக்கொண்டு மேலே வந்தது அந்த நாற்றம். மூடி வைத்த ஈரம். பூஞ்சை.

வாயைப் பொத்திக்கொண்டு இறங்கினாள். நாடாவைப் பிய்த்து முந்தானையில் முடிந்துகொண்டது யாருக்கும் தெரியாது.

இப்போதே கத்தியிருக்கலாம். ஆனால் மாப்பிள்ளை இந்த வீட்டில் வைத்ததுதான் சட்டம். டாக்டர்தான் என்னை ஏமாற்றிவிட்டார் என்று ஒரே வார்த்தையில் நழுவிவிடுவார். உறையைக் கடையில் கொண்டுவந்து போட்டது யார் என்று தெரிய வேண்டும்.

"கடை வரைக்கும் போய்ட்டு ஒரு மணி நேரத்துல வந்துடறேன்" என்றாள் கணவரிடம். "அதுவரைக்கும் கையெழுத்துப் போடாதீங்க. சிட்டுவை இதுல ஏத்தாதீங்க."

"ஏன், என்ன ஆச்சு?"

"வந்து சொல்றேன். ஏத்த மாட்டேன்னு சொல்லுங்க."

"சரி சரி, ஏத்தல" என்றார் அவர் எரிச்சலுடன்.

கடையில் முன்பக்கக் கவுன்ட்டர் 'ரசீது'வின் ராஜ்ஜியம். ரசீது இல்லாமல் சொந்த அம்மா வந்தாலும் துணி கொடுக்க மாட்டாள் என்பதால் அந்தப் பெயர். ஒருகாலத்தில் பின்பக்கத்தில் வேலை செய்த ஒருத்தி, ஒரு சட்டைக் காலரில் இருந்த உதட்டுச் சாயத்தைப் பற்றி வெளியில் போய்ப் பேசி, ஒரு குடும்பமே இரண்டாகிவிட்டது. அன்றிலிருந்து பின்பக்கத்துக்கு எண் மட்டும்தான் போகும். பெயர் கவுன்ட்டரைத் தாண்டாது.

மூக்குக்காரி நாடாவை எடுத்து மேஜையில் வைத்தாள். "இந்த நம்பருக்கு அடிக்கட்டை காட்டு."

"ரூல் தெரியும்ல உனக்கு."

"தெரியும். பதினாலு வருஷத்துல ஒரு நாள் கேட்டிருக்கேனா?"

"அதான் பயமா இருக்கு. இன்னிக்கு ஏன் கேக்குற?"

"இந்த உறை போட்ட வண்டியை என் பொண்ணுக்காக வாங்கப் போறாங்க."

ரசீது நாடாவைப் பார்த்தாள், அந்த ஒற்றை எழுத்தைப் பார்த்தாள். அவளும் அன்றைக்கு அந்த மூட்டையை வாங்கி வைத்தவள்தான், அரை நாள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். அடிக்கட்டைப் புத்தகத்தை எடுத்துப் பிரித்து, அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, கண்ணாடிக் கதவைத் துடைக்கப் போனாள்.

மாப்பிள்ளையின் பெயரைத்தான் எதிர்பார்த்தாள். இல்லை. துணி கொடுத்தவர் கையெழுத்து வளைந்து வளைந்து, கடைசி எழுத்தில் ஒரு சுழி. அந்தச் சுழியைச் சிட்டுவின் பிறந்தநாள் அட்டைகளில் வருடா வருடம் பார்த்திருக்கிறாள்.

நாத்தனார்.

தேதி, ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாள். சிட்டுவை மடியில் போட்டு முதுகைத் தடவியவள், பூஞ்சை ஆகவே ஆகாது என்று டாக்டர் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டவள், விடிந்ததும் இந்த மூட்டையோடு வந்திருக்கிறாள்.

இரண்டு செட் என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, வாடிக்கையாளர் குறிப்பு என்ற கட்டத்தில், ரசீதுவின் கையெழுத்தில் ஒரு வரி: 'மூக்கு கையால்தான் செய்ய வேண்டும்.'

"இது யார் சொன்னது?"

ரசீது கண்ணாடியைத் துடைத்தபடியே சொன்னாள். "அந்தப் பொண்ணுதான். உள்ள மூக்குன்னு ஒருத்தங்க இருக்காங்களாமே, அவங்க கையால போனாத்தான் இந்த நாத்தம் போகும், அவங்களுக்கே குடுங்கன்னுச்சு. உன்னைத் தெரியுமான்னு கேட்டேன். கேள்விப்பட்டிருக்கேன்னு சொல்லுச்சு."

மூக்குக்காரி பின்பக்கத் தொட்டிக்குப் போய்க் கையைக் கழுவினாள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். மறுபடி கழுவினாள். தன் கையையே அவளுக்குப் பிடிக்கவில்லை. தன் வீட்டுக் குழந்தையை ஏமாற்ற, தன்னைக் கொண்டே நாற்றத்தைப் போக்க வைத்திருக்கிறார்கள். நான்கு அலசலும் இரண்டு நாள் உலர்த்தலும் அதற்குத்தான்.

வீட்டுக்குத் திரும்பியபோது கணவர் கூடத்து மேஜையில் உரிமை மாற்றுப் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டிருந்தார். கையில் பென்சில். படிவத்தில் ஒரு எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்து வட்டமிட்டுக்கொண்டிருந்தார். எதிரில் மாப்பிள்ளை தண்ணீரைக் குடித்து, வாயில் கொப்பளித்து, கொப்பளித்ததை விழுங்கினார். நாத்தனார் சிட்டுவின் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள்.

"சிட்டு, உள்ள போய்ப் படி" என்றாள் மூக்குக்காரி. சிட்டு தாயின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதிப் பின்னலோடு எழுந்து போனாள்.

நாடாவைப் படிவத்தின்மேல் வைத்தாள்.

"இது என்ன?" கணவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். "சா. சான்னா?"

"சாக்கடை. அந்த பின்சீட் உறையில இருந்து எடுத்தேன். எழுதினது நான். வெளுத்ததும் நான். சிட்டுவைக் கூட்டிட்டு வந்த மறுநாள் வாந்தி எடுத்துட்டு வந்து படுத்தேனே, ஞாபகம் இருக்கா?"

கணவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை அசரவில்லை.

"கொஞ்சம் தண்ணி பட்டிருக்கும் தங்கச்சி. டாக்டர் என்கிட்ட சொல்லலை போல. துணிதானே, கழுவியாச்சு. அதுவும் கழுவினது நீ. உன் கை பட்டா சுத்தம்னு ஊரே சொல்லுது. அப்புறம் என்ன?"

அவர் அதைப் பாராட்டாகவே சொன்னார். அதனால்தான் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. சேற்றில் புரண்டு எழுந்தாலும் இந்த மனிதர் சட்டையில் ஒட்டாது, மற்றவர்கள் மேல்தான் தெறிக்கும்.

"டாக்டர் சொல்லலை, சரி. உறையைக் கொண்டுவந்து போட்டது டாக்டரா?"

"வேற யாரு?"

"நீ சொல்லு" என்றாள் நாத்தனாரிடம்.

நாத்தனார் கையில் சீப்பு இருந்தது. அதில் சிக்கியிருந்த சிட்டுவின் முடியை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள்.

"சொல்ல வேணாம். ஒண்ணு பண்ணு. வா, வந்து அந்தப் பின்சீட்ல உக்காரு. கண்ணாடியை ஏத்திட்டு, ஏசி போட்டு, உன் வீடு வரைக்கும் போய்ட்டு வா. வந்துட்டேன்னா அந்த வண்டியை நாங்களே எடுத்துக்கறோம். நானே கையெழுத்துப் போடறேன்."

"அதுக்கென்ன, போய்ட்டு வாயேன்" என்றார் மாப்பிள்ளை மனைவியிடம்.

நாத்தனார் எழுந்திருக்கவில்லை.

"எழுந்திரு" என்றார் மாப்பிள்ளை மறுபடியும். இந்தத் தடவை குரலில் சிரிப்பு இல்லை.

"மாட்டேன்" என்றாள் அவள். "அந்த நாத்தத்துல என்னால உக்கார முடியாது. அதான் ஸ்கூட்டர்ல வந்தேன்."

கணவர் மெல்லப் பர்ஸை எடுத்தார். அதிலிருந்த விசிட்டிங் கார்டை விரல் நுனியால் வெளியே இழுத்து, முதல் தடவையாகப் படித்தார். வேலையில் இருக்கும்போது வருகிற முகம் அவருக்கு வந்துவிட்டது.

"ஃபோன் நம்பர்ல ஒரு எண் குறையுது" என்றார். "அப்படி ஒரு டாக்டரே இல்ல. இல்லையா மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை எழுந்து கார் சாவியை எடுத்துக்கொண்டார். "குடும்பத்துக்குன்னு நல்லது பண்ண வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும். இந்த வண்டிக்கு வெளில ஆள் க்யூல நிக்கிறான்." வாசல்வரை போய்த் திரும்பினார். "நீ வரியா, இல்ல இங்கேயே இருக்கப் போறியா?" என்று மனைவியைக் கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை. வெளியே கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. தொப்பென்று, நல்ல கனமான சத்தம். கணவர் கண்ணை மூடிக்கொண்டார்.

நாத்தனார் அழுதாள். மூக்குக்காரிக்கு அந்த அழுகையைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. அருவருப்பு வருகிறதே என்று வருத்தமாகவும் இருந்தது. பதினோரு நாளைக்கு முன்னால் இவள் மடிதான் தன் குழந்தைக்குத் தொட்டிலாக இருந்தது.

"செத்த வண்டின்னு எழுதினதும் அவர்தான் அண்ணி. அப்புறம் அடிமாட்டு விலைக்கு எடுத்ததும் அவர்தான். வெளில தெரிஞ்சா வேலை போயிடும், வீட்டு ஆளுங்க, தெரிஞ்சவங்க தலைலயே கட்டிட்டா கேள்வி வராதுன்னார். உங்களுக்குன்னு எனக்கு முந்தாநாள்தான் தெரியும், சத்தியமா."

"தெரிஞ்சு ரெண்டு நாள் ஆச்சு. ஃபோன் இருந்துச்சுல்ல உன்கிட்ட?"

நாத்தனார் சீப்பைத் தரையில் வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

"உறையை என் கையாலதான் வெளுக்கணும்னு கடையில சொன்னியே, அது?"

"வேற யார் கையாலயும் அந்த நாத்தம் போகாது அண்ணி."

இவ்வளவு கேவலமான ஒரு காரியத்தைச் செய்துவிட்டு, இவ்வளவு உண்மையான ஒரு வார்த்தையைச் சொல்கிறாளே என்று இருந்தது. அப்போதுதான் அடிக்கட்டையில் படித்தது மண்டையில் உறைத்தது. இரண்டு செட்.

"சாம்பல் செட் இங்க வந்துச்சு. கறுப்பு செட் போட்ட வண்டி எங்க?"

நாத்தனார் அழுகையை நிறுத்தினாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். கறுப்பு எங்க?"

"அது நாலு நாளைக்கு முன்னாடியே போயிடுச்சு அண்ணி." முகத்திலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள். "நீங்கதான் அனுப்பினீங்களாமே. அந்த தண்ணி கேன்காரர்."

மூக்குக்காரி சமையலறைக்கு ஓடினாள். மூலையில் நின்ற தண்ணீர் கேனின் கழுத்தில் அவர் நம்பர் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள். இரண்டு தடவை தப்பாக அழுத்தி அழித்தாள்.

மூன்றாவது மணியிலேயே எடுத்துவிட்டார். பின்னால் ஏசியின் இரைச்சல் கேட்டது.

"அக்கா, நானே கூப்பிடணும்னு இருந்தேன். உங்களுக்குக் கோடி புண்ணியம் அக்கா, வண்டி உள்ள அப்படி ஒரு வாசனை. பொண்ணு பொறந்திருக்கு, மூணு நாளாச்சு. இப்பதான் ஆஸ்பத்திரிலேருந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம். வெளிக்காத்து படக்கூடாதுன்னு கண்ணாடியெல்லாம் ஏத்தி விட்டிருக்கேன்."

அவருக்குப் பின்னால், மிக அருகில், பிறந்து மூன்றே நாளான ஒரு தொண்டை இருமியது.